சொல்லாமல் போனவர்கள்

“இந்த ‘அறியாமை’ எல்லாத்தையும் எழுதினது யாரு?”

1960 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. நான் பதிவேட்டு அறைக்குள் நுழைந்தபோது அஞ்சலாட்சி எனக்கு முன்பே வந்து, நான்கு வருஷத்து ரிஜிஸ்டர்களையும் என் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். முந்தின நாள்தான் டெல்லியிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். அத்தனை தூரம் ரயிலில் வந்த களைப்பு முகத்தில் துளியும் இல்லை. காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

“நான்தான் சிஸ்டர்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“நாலு வருஷம். இருநூத்திப் பதினாலு பேரு சொல்லாம கொள்ளாம ஆஸ்பத்திரிய விட்டுப் போயிருக்காங்க. காரணம்னு இருக்கிற கட்டத்துல அத்தன பேருக்கும் அறியாமை, அறியாமை, அறியாமை. ஒருத்தருக்குக்கூட வேற காரணம் இல்லயா கலியமூர்த்தி சார்?”

“கட்டம் சின்னது சிஸ்டர். அதுக்குள்ள அடங்குற வார்த்த அது ஒண்ணுதான்.”

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வார்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவள் இந்த உலகத்தை விட்டுப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பிறந்த ஊர், படித்த பள்ளி என்று முறையாகத் தொடங்க வரவில்லை. இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இதைக் கேட்டு ஒன்றரை வருஷம் கழித்து அவள் என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். அது வேறு கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி தெய்வசிகாமணியின் மூத்த மகள் அவள். கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு மொழியில் படித்தாள். பிறகு வேலூருக்குப் போய் ஆங்கிலத்தில் நர்ஸிங் பட்டம் வாங்கினாள். வீட்டில் தமிழ். மூன்று மொழியையும் ஒரே வேகத்தில் பேசுவாள். மூன்றிலும் பாதி வாக்கியத்தை முடிக்க மாட்டாள், அதற்குள் அடுத்தது வந்துவிடும். 1955இல், பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன மறு வருஷம், எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நகரத்தின் தெற்கில் கன்னியர் நடத்திய அறுபது படுக்கை ஆஸ்பத்திரி அது. தன் ஆய்வில் அவள் அதற்குப் பெயர் போடவில்லை. நானும் போடவில்லை.

டெல்லியில் செவிலியர் கல்லூரியில் முதுநிலைப் படிப்பு புதிதாகத் தொடங்கியபோது விண்ணப்பித்து, 1959இல் இடம் வாங்கிப் போனாள். நர்ஸ் வேலைக்கு இன்னும் என்ன படிப்பு இருக்கிறது என்று ஊரில் பலர் கேட்டார்கள். ஊசியை இடது கையால் போடக் கற்றுக்கொடுப்பார்களா என்று நானே கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, வைத்தியம் முடியும் முன்பே நோயாளிகள் ஏன் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்பது. பிரெஞ்சுக் காலத்து ரிஜிஸ்டரில் அப்படிப் போனவர்களுக்கு எதிரே ‘எவாதே’ என்று எழுதுவார்கள். சிறையிலிருந்து தப்பிய கைதிக்கும் அதே சொல்தான். ஆங்கில ரிஜிஸ்டர் வந்தபோது காரணம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். அதை நிரப்பும் வேலை எனக்கு வந்தது.

“எங்க பேராசிரியை என்ன சொன்னாங்க தெரியுமா? அறியாமைங்கிறது காரணம் இல்ல, அது நீங்க கேக்கலைங்கிறதுக்கு அத்தாட்சின்னாங்க. பிப்ரவரி முடியறதுக்குள்ள உண்மையான காரணம் ஒண்ணாவது எழுதி அனுப்பணும். இல்லன்னா வேற தலைப்பு, இன்னும் ஒரு வருஷம்.”

இன்னும் ஒரு வருஷம் அவளுக்குக் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூட விடுப்பு நீளாது என்று ஆஸ்பத்திரித் தலைமைக் கன்னி எழுத்திலேயே கொடுத்திருந்தார். அவரை எல்லோரும் மேர் என்று கூப்பிடுவோம். பிரெஞ்சில் அம்மா என்று பொருள். ஆக, பிப்ரவரிக்குள் காரணம் கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் மறுபடியும் பழைய வார்டு, பழைய வேலை, பாதியில் விட்ட படிப்பு.

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. திருவிழாவுக்குப் புறப்படுகிறவளைப் போல இருந்தாள்.

ரிஜிஸ்டரில் பெயரையும் விலாசத்தையும் பழைய பழக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில்தான் கிறுக்கியிருந்தேன். என் கையெழுத்தைப் படித்துச் சொல்ல நானும் கூடப் போகும்படி மேர் உத்தரவிட்டார். ஒரு ஆணும் பெண்ணும் தனியாக ஊர் ஊராகப் போவது அவருக்குச் சரிப்படவில்லை. அதனால் வார்டு கூட்டும் ஆயம்மாவையும் சேர்த்து அனுப்பினார். ஆயம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவரும் மகனும் மில்லில் வேலை செய்தார்கள். அவள் வாய்க்கு டாக்டர்களே பயப்படுவார்கள்.

பேருந்திலும் மாட்டு வண்டியிலும் போனோம். படகு வேண்டியிருந்த இடத்தில் படகிலும் போனோம். முதல் வாரமே ஒரு கூத்து. பிரெஞ்சு எழுத்தில் கொளஞ்சியும் குழந்தையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். கொளஞ்சி என்ற பெண்ணைத் தேடிப் போய், குழந்தை என்ற மீசைக்காரர் ஒருவரிடம் பெண்கள் வார்டு எப்படி இருந்தது என்று விசாரித்துவிட்டோம். அவர் அரிவாளை எடுக்காததுதான் மிச்சம்.

நோணாங்குப்பத்தில் கோவிந்தராசு என்றொரு விவசாயி. காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியை விட்டுப் போனவர்.

“கட்டோட எப்படிங்க போனீங்க?” என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

“மச்சான் வண்டி கட்டிக்கினு வந்தான். ஏறிட்டேன்.”

“சாப்பாடு சரியில்லயா?”

“நல்ல சாப்பாடுங்க.”

“நர்ஸுங்க யாராவது கோவமாப் பேசினாங்களா?”

“சேச்சே. தங்கமானவங்க.”

“அப்ப ஏன் போனீங்க?”

கோவிந்தராசு மனைவியைப் பார்த்தார். மனைவி மாட்டைப் பார்த்தாள்.

“போவணும்னு தோணிச்சி. போய்ட்டேன்.”

டெல்லியில் தயாரித்த கேள்வித்தாளில் முப்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. காற்றோட்டம், படுக்கை விரிப்பு, பார்வையாளர் நேரம், கழிப்பறை. பதினேழு வீடுகளில் கேட்டோம். பதினேழு வீட்டிலும் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் போய்விட்டார்கள். ஓரிருவர் மட்டும், “மனசுக்கு ஒப்பலம்மா” என்றார்கள். எது ஒப்பவில்லை என்றால் பேச்சை மாற்றினார்கள்.

“நீ முப்பத்திரண்டு கேள்வி கேக்குற, அவன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுறான்,” என்றாள் ஆயம்மா திரும்பி வரும் வழியில். “பதிலு மட்டும் வரமாட்டேங்குது. இதுக்கா டில்லி வரைக்கும் போன?”

“ஆயம்மா, இதெல்லாம் எழுதிக்கிறேன். ஆய்வுல உன் பேரு வரும்.”

“வரட்டும். நல்லா பெருசா போடு.”

ஜனவரி மூன்றாம் வாரம் வந்துவிட்டது. அன்று நான் பட்டியலைப் படிக்க அவள் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் ரிஜிஸ்டரில் இன்னொரு கட்டம் உண்டு: நோயாளியைக் காணவில்லை என்று தெரிந்த நேரம். அது எதற்கும் உதவாது என்றுதான் இருவரும் அதுவரை நினைத்திருந்தோம். வரிசை தவறாமல் இருக்கட்டும் என்று அதையும் படித்தேன்.

“ஏழு. ஏழே கால். ஏழரை. எட்டு. ஏழு பத்து...”

“நிறுத்துங்க சார். ராத்திரியா காலையா?”

“காலைதான்.”

பென்சிலைக் கீழே போட்டாள். என் கையிலிருந்து ரிஜிஸ்டரைப் பிடுங்கி, நின்றபடியே பக்கங்களைத் தள்ளினாள். இருநூற்றுப் பதினாலு பேரில் நூற்று அறுபத்து மூன்று பேர் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் போயிருந்தார்கள். ஆறரை மணி தெர்மாமீட்டர் கணக்கில் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அதுவும் வந்து சேர்ந்த மறுநாள், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த நாள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. போனவர்களில் நகரத்துக்காரர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்ற எல்லோரும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்.

“ஓடுறவங்க ராத்திரிதானே சார் ஓடணும்? காவல்காரர் கண் அசரும்போது போகாம, பளபளன்னு விடிஞ்சப்பறம், எல்லாரும் பாக்குறப்ப போயிருக்காங்க! காலையில என்னமோ நடக்குது. அவங்களுக்கு மட்டும் நடக்குது, நமக்குத் தெரியல!”

அறை சிறியது. அதற்குள் அவள் இப்படியும் அப்படியும் நடந்த வேகத்தில் ஒரு நாற்காலி சாய்ந்தது. நான்கு வருஷம் தானே செய்த காலை வேலைகளை விரல்விட்டுச் சொன்னாள். மணி அடிப்பது, தெர்மாமீட்டர் வைப்பது, படுக்கை தட்டிப் போடுவது, கஞ்சி. “நான்தானே செஞ்சேன்! ஒண்ணுமே நடக்கலயே!”

அடுத்த மூன்று நாளும் விடிந்ததும் பெண்கள் வார்டின் மூலையில் நோட்டோடு உட்கார்ந்தாள். மூன்று நாள் குறிப்பும் ஒன்றுபோல் இருந்தது: ஆறரை, தெர்மாமீட்டர். ஆறே முக்கால், நலம் விசாரிப்பு. ஏழு, கஞ்சி. புதிதாக எதுவும் அவள் கண்ணிலோ காதிலோ படவில்லை. நாலாம் நாள் காலை புதிதாக வந்திருந்த ஒரு பெண் படுக்கையில் இல்லை. அஞ்சலாட்சி அதே வார்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி முடியப்போகும் சமயத்தில் சரியான கொளஞ்சி கிடைத்தாள். வீராம்பட்டினம். மீன் பிடிக்கும் பலராமனின் மனைவி. குடல்வால் ஆபரேஷன் செய்து, தையல் பிரிக்கும் முன்பே போனவள். உள்ளூர் கம்பவுண்டர் தையலைப் பிரித்திருக்கிறார், புண் ஆற இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அஞ்சலாட்சியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“நீங்களா?” என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“ஞாபகம் இருக்குதாம்மா?”

“மறக்குமா?”

கேள்வித்தாளை எடுத்ததும் அவள் கையை நீட்டித் தடுத்தாள். “அதெல்லாம் வேணாம். நீங்க கேட்டீங்களே ஒரு வார்த்த, அத்த மொதல்ல சொல்லுங்க, எதுக்குக் கேட்டீங்கன்னு.”

“நானா? என்ன வார்த்த?”

“என் வாயால சொல்ல மாட்டேன். புள்ளைங்க இருக்குற வூடு. அடுப்பு எரியுது.”

அஞ்சலாட்சி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். ஆயம்மாதான் முன்னால் வந்தாள். “வூட்ல வேணாண்டி. வெளிய வா. கடற்கரைக்கு வந்து சொல்லு. சொல்லிட்டு தூ-ன்னு துப்பிடு, ஒண்ணும் ஒட்டாது.”

வலைகள் காய்ந்துகொண்டிருந்த மணலுக்கு வந்தோம். பலராமனும் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொளஞ்சி கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“வயித்த அறுத்த மறுநாளு. வலி உசிரு போவுது. விடிஞ்சதும் நீங்க வந்தீங்க. வெள்ளப் பொடவ, தலையில வெள்ளத் துணி. சிரிச்சிக்கினே குனிஞ்சி கேட்டீங்க. ‘சாவா?’ன்னு.”

சொல்லிவிட்டு, ஆயம்மா சொன்னபடியே மணலில் தூ என்று துப்பினாள்.

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பக்கத்துக் கட்டிலுக்குப் போனீங்க. அங்க ஒரு வயசான அம்மா, கவுனு போட்டவங்க. அவங்களையும் ‘சாவா?’ன்னு கேட்டீங்க. அந்தம்மா சந்தோஷமா, ‘சாவா, சாவா’ன்னு சொல்லி நன்றி வேற சொன்னாங்க. மத்தியானம் பாத்தா அந்தக் கட்டிலு காலி!”

“அவங்க குணமாகி வீட்டுக்குப் போனாங்கம்மா,” என்றாள் அஞ்சலாட்சி.

“எனக்கு எப்படித் தெரியும்? மறுநாளு விடிஞ்சா மறுபடியும் என்கிட்ட வந்து அதே கேள்வி. யாராருக்கு நாளு வந்துச்சின்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிறாங்கன்னு நெனச்சேன். இவரு வந்தாரு. பொறப்பட்டுட்டேன்.”

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் ‘சாவா?’ என்றால் சௌக்கியமா என்று அர்த்தம். பதிலும் அதே சொல்தான். கன்னியர் அறுபது எழுபது வருஷமாக அப்படித்தான் விசாரித்தார்கள். அவர்களிடம் பழகிய நர்ஸுகளும் அப்படியே கேட்டார்கள். டவுனில் வளர்ந்த எங்கள் காதுக்கு அது நலம் விசாரிப்பு. சாவு என்ற தமிழ்ச் சொல்லோடு அதை ஒரு நாளும் சேர்த்துக் கேட்டதில்லை. மூன்று மொழி தெரிந்த அஞ்சலாட்சியும் கேட்டதில்லை. அந்தச் சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே கூசுகிறவர்கள் கேள்வித்தாளுக்கு அதை எப்படிப் பதிலாகச் சொல்வார்கள்?

அஞ்சலாட்சி மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல் என்ன, எந்த மொழி, ஏன் கேட்டோம் என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். கொளஞ்சி நம்பாமல் ஆயம்மாவைப் பார்த்தாள்.

“நெசந்தாண்டி. என்னியும்தான் தெனமும் கேக்குறாங்க. இருவது வருஷமா கேக்குறாங்க. செத்தா போய்ட்டேன்?”

முதலில் சிரித்தவர் பலராமன். அவர் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. “அடிப்பாவி, சௌக்கியமான்னு கேட்டதுக்கா தையலோட என்னத் தூக்க வெச்ச?” என்று மனைவியைக் கேட்டார். அவள் அவர் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு மீன் குழம்பு ஊற்றினாள்.

திரும்பும் வழியெல்லாம் அஞ்சலாட்சி பேசிக்கொண்டே வந்தாள். ஒரு ஆள் சொன்னது போதாது. மற்றவர்களும் அதற்காகத்தான் போனார்களா? ஆனால் ‘சாவா என்று கேட்டார்களா’ என்று நாம் போய்க் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சொல்லை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

“ஒரு பாய் வேணும் சார். அவ்வளவுதான்.”

மறுநாள் கோவிந்தராசு வீட்டு வாசலில் பாயை விரித்து அவள் படுத்துக்கொண்டாள். “இப்ப நான் நோயாளி. நீங்கதான் நர்ஸு. காலையில வந்து என்னென்ன செய்வாங்களோ, அப்படியே செஞ்சி காட்டுங்க.”

தெருவே கூடிவிட்டது. கோவிந்தராசு முதலில் வெட்கப்பட்டார். பிறகு தோள் துண்டை எடுத்துத் தலையில் கன்னியர் மாதிரி கட்டிக்கொண்டார். இடுப்பை ஒடித்து நடந்து வந்தார். வேப்பங்குச்சியை அவள் வாயில் வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து உதறினார். விரிப்பை இழுத்துத் தட்டினார். அடுத்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். சிரிப்பு போய்விட்டது.

“இங்க ஒண்ணு கேப்பாங்க,” என்றார்.

“கேளுங்க.”

“வேணாம்மா. நல்லா இருக்குற பொண்ணு.”

அஞ்சலாட்சி பாயிலிருந்து துள்ளி எழுந்தாள்.

பதினேழு வீட்டுக்கும் திரும்பப் போனோம். புதிதாக இருபத்து மூன்று வீடுகளுக்கும் போனோம். பாய் நைந்துபோனது. நாற்பது பேரில் இருபத்தாறு பேர் அதே இடத்தில் வந்து நின்றார்கள். சிலர் காதோடு காதாகச் சொன்னார்கள். ஒரு கிழவி மட்டும், “எல்லாரும் போற எடந்தானே, எனக்கென்ன பயம்” என்று சத்தமாகவே சொல்லி நடித்துக் காட்டினாள். பிப்ரவரி இருபதாம் தேதி ஒரே ஒரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பினாள். பேராசிரியை தந்தியில் பதில் கொடுத்தார்: காரணம் ஏற்கப்பட்டது, மாற்றிச் செய்து பார்த்து முடிவு எழுதவும்.

மாற்றுவதற்கு மேரின் சம்மதம் வேண்டும். மேர் ஜெனெவியேவ் இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. தமிழ் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அஞ்சலாட்சி சொல்லி முடிக்கும்வரை சிலுவையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நாப்பது வருஷம்,” என்றார். “தினம் காலை. நான் அவங்ககிட்ட சாவுன்னு சொன்னேனா?”

“நீங்க சௌக்கியமான்னுதான் மேர் கேட்டீங்க. நானும்தான் கேட்டேன்.”

“அவங்க காதுல?”

அஞ்சலாட்சி ஆமாம் என்று தலையாட்டினாள். மேர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சற்று நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறினேன். சிரிப்பும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. ஆறு வாரத்துக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, நான் உட்பட, என்று உத்தரவு போட்டார்.

அதற்குப் பதிலாக எதைக் கேட்பது? ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் “பரவால்ல” என்றார்கள். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல்காரரும் பரவால்ல என்றார். ஆயம்மாதான் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“தூங்குனியான்னு கேளுங்களேன். அதுக்குப் பொய் சொல்ல வராது.”

வரவில்லை. “எங்கம்மா தூங்க, தையலு இழுக்குது.” “ரெண்டு மணிக்கு மேல தூக்கம் இல்ல, மூச்சு வாங்குது.” “பக்கத்துக் கட்டிலு கொறட்ட.” நர்ஸுகள் எழுத எழுத கேஸ் ஷீட்டில் இடம் போதவில்லை. அஞ்சலாட்சி ஒவ்வொரு நாளும் அந்தப் பதில்களை என் அறைக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

ஒரே ஒருவர் மட்டும் கலகம் செய்தார். ஆண்கள் வார்டில் ராஜாங்கம் என்ற பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்போம். மூன்றாம் நாள் காலை கைத்தடியால் கட்டிலைத் தட்டினார்.

“ஏம்மா, மூணு நாளா என்ன யாரும் சாவா கேக்கல? செத்துட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“அப்படி இல்ல தாத்தா, புது உத்தரவு...”

“எவன் போட்ட உத்தரவு? சைகோனுலயே என்ன சாவா கேட்டாங்க!”

மேரிடமே புகார் போயிற்று. கடைசியில் அவர் ஒருவருக்கு மட்டும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல், காதருகே கேட்பது என்று முடிவாயிற்று. அவருக்குக் காது மந்தம். அதனால் அந்த ஏற்பாடு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வெளி வராந்தாவில் தனியாக ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது. அஞ்சலாட்சி இதையும் ஒரு பக்கம் எழுதினாள்: ஒரே சொல் ஒருவருக்குப் பயத்தையும் இன்னொருவருக்கு மரியாதையையும் தருகிறது.

அதற்கு முந்தைய வருஷம் அதே ஆறு வாரத்தில் சொல்லாமல் போனவர்கள் பதின்மூன்று பேர். இந்த ஆறு வாரத்தில் மூன்று பேர். அதிலும் ஒருவர் மாசி மகத்துக்குக் கடலில் முழுகப் போய்விட்டு, சாயங்காலம் ஈர வேட்டியோடு தானே திரும்பி வந்து படுக்கையில் படுத்துக்கொண்டார். அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று நாங்கள் அரை நாள் சண்டை போட்டோம். சேர்த்தாள்.

எழுதி முடிக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பழைய டியூட்டிப் பட்டியலை நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த இருபத்தாறு பேரில் ஒன்பது பேரிடம் அந்தக் காலையில் கேட்டவள் அஞ்சலாட்சியே.

“ஒரு நர்ஸு கேட்டாங்கன்னு எழுதுங்க சிஸ்டர், போதும்,” என்றேன். “தானே சம்பந்தப்பட்ட விஷயத்த எப்படி நடுநிலையா ஆராய முடியும்னு கேட்டா, எல்லாமே போயிடும்.”

“கேப்பாங்க இல்ல?”

“கண்டிப்பா கேப்பாங்க.”

“அப்ப எழுதித்தான் ஆகணும்,” என்று சொல்லி, முதல் பக்கத்திலேயே எழுதினாள். ஒன்பது பேரிடம் கேட்டது நான், என்று.

ஜூலையில் டெல்லியில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் முதல் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தாராம். இரண்டு நாள் கழித்து எனக்கு வந்த கடிதத்தில் அவள் அதை அப்படியே எழுதியிருந்தாள்.

அவர் கேட்டாராம்: “தவறு செய்தவரே அந்தத் தவறை ஆராய்ந்தால், அந்த ஆய்வை நான் எப்படி நம்புவது?”

இவள் சொன்னாளாம்: “வேறு யாராவது போய்க் கேட்டிருந்தால் கொளஞ்சி சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பாள், ஐயா. என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால்தான் உண்மை வந்தது. என் பெயரை எடுத்துவிட்டால் அது எப்படிக் கிடைத்தது என்று யாருக்கும் புரியாது.”

வெளியே உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம். தாழ்வாரத்தில் ஒரு மின்விசிறி, அதற்கு மூன்று இறக்கை, ஒன்று வளைந்திருந்தது என்று எழுதியிருந்தாள். கதவு திறந்து பேராசிரியை வெளியே வந்தார். கைகுலுக்கக் கையை நீட்டினார். கடிதத்தின் கடைசியில், மூன்று மொழியிலும் ‘தேறிவிட்டேன்’ என்று மூன்று முறை எழுதியிருந்தாள். வாழ்க்கையில் அவள் முடித்த முழு வாக்கியங்கள் அவைதான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்டில் விழுப்புரத்திலிருந்து வரும் வண்டியில் வந்து இறங்கினாள். தெய்வசிகாமணி மில்லில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். மேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஆயம்மா அச்சடித்த ஆய்வில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, நன்றியுரையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். பெரிய எழுத்தில் போடவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் குறைதான்.

நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அஞ்சலாட்சி கொடுக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. தூக்கிப் பிடித்தபடியே நின்று பேசத் தொடங்கிவிட்டாள்.

“சார், வண்டியில யோசிச்சிக்கினே வந்தேன். நம்ம வார்டுல தலையணைக்குக் கீழ மாத்திரைய ஒளிச்சி வைக்கிறாங்க பாருங்க, அது எப்பவும் மஞ்ச மாத்திரையாவே இருக்குதே, ஏன்? நாளைக்கு காலையில ரிஜிஸ்டர எடுத்து...”